சோலாங் வழியில் அட்டை மாட்டியவருக்கு நன்றி

மணாலிக்கு மேலே சோலாங் போகும் வழியில், ஏப்ரல் பனி எப்படியிருக்கிறது என்று அட்டையில் எழுதி மாட்டிய, பெயர் தெரியாத அண்ணனுக்கு நெஞ்சார்ந்த நன்றி. “ராத்திரி மேகமூட்டம், பனி இறுகவில்லை” என்ற ஒரு வரியே போதும். வானம் தெளிந்த இரவில்தான் பனி சூட்டை இழந்து, மேலே கெட்டி ஓடாக உறையும். மேகம் கம்பளியாய் மூடினால் உறையாது; உறையாத பனி வெயிலில் இளகிப் பனிச்சரிவாக இறங்கிவிடும்.

வெயில் கிழக்குச் சரிவில் முதலில், பிறகு தெற்கு, மேற்கு என்று வரிசையும் போட்டிருந்தீர்கள். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ, 30 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும் அதன் அடிவாரத்திலும் நிற்கவே கூடாது. சரிந்த ஈரப்பனி நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அதில் புதைந்தவரைத் தோண்டியெடுக்கப் போனால் பிளாஸ்டிக் மண்வெட்டி உடையும், அலுமினியம்தான் வேண்டும். அதையும் மறக்கவில்லை நீங்கள். எழுத்து நனையாமல் பாலிதீன் சுற்றி வைத்ததற்குத் தனி நன்றி.