கூடைப்பந்துத் திடலில் கோடு போடுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது கடலோரப் பள்ளிகளில் கூடைப்பந்துத் திடல்களுக்குப் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வேலை தொடங்குமுன், கோடுகளின் தூரம் குறித்துச் சிலவற்றைத் தங்கள் இதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கீழக்கரை, மண்டபம் பக்கம் நான் பார்த்த சில திடல்களில் மூன்று புள்ளிக் கோடு (இதற்கு வெளியே நின்று போடும் கூடைக்கு மூன்று புள்ளி) இன்னமும் 6.25 மீட்டரிலேயே கிடக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா 1984-இல் ஏற்ற அந்தத் தூரம், 2010-இலேயே 6.75 மீட்டராக மாற்றப்பட்டுவிட்டது. அரை மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் பழைய கோட்டில் கைப்பழக்கம் செய்துகொண்ட பிள்ளை மதுரையில் சரியான அளவுள்ள திடலில் இறங்கும்போது, பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. பழைய நினைப்பில் கோட்டை மிதித்துக்கொண்டு போட்டாலோ, கூடை விழுந்தும் இரண்டு புள்ளிதான்.

இதைவிடப் பெரிய கோளாறு, எங்கிருந்து அளப்பது என்பதில் இருக்கிறது. கம்பத்தின் அடியிலோ பலகைக்கு நேர்கீழாகவோ நாடாவைப் பிடிக்கிறார்கள். விதிப்படி, வளையத்தின் நடுமையத்துக்கு நேர்கீழே தரையில் உள்ள புள்ளியிலிருந்து, வளைவின் வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். வளையத்துக்குப் பின்னால் திடல் முடியும் கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து அந்தப் புள்ளி 1.575 மீட்டர் உள்ளே அமையும். நம் பக்கத்து உப்புக்காற்றில் வளையமும் அதைத் தாங்கும் தகடும் விரைவில் துருவேறிப் போவதால், உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்து மீண்டும் மாட்டுகிறார்கள். அப்போது பலகை முகத்துக்கும் வளையத்தின் உள்விளிம்புக்கும் இடையே இருக்க வேண்டிய 15.1 சென்டிமீட்டரை யாரும் கவனிப்பதில்லை. ஒரு திடலில் இப்படி மாட்டிய வளையம் நான்கு விரற்கடை முன்தள்ளி நிற்பதைக் கண்டேன். வளையத்தைச் சரிசெய்யாமல் கோட்டை மட்டும் திருத்திப் பயனில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். வளையத்தின் குறுக்கே இரண்டு நூலைக் கட்டி, அவை வெட்டும் இடத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை இறக்கினால் நடுப்புள்ளி கிடைத்துவிடும். கச்சான் காற்று எழுமுன், விடியற்காலையில் இதைச் செய்வது நல்லது. நைலான் கயிறு இழுத்தால் நீளும். இரும்பு நாடாதான் வேண்டும்.

மூலைகளிலும் தவறு நேர்கிறது. ஒரே வீச்சில் அரைவட்டம் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பக்கக்கோட்டுக்கும் வளைவுக்கும் இடையே 75 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஆட்டக்காரர் இரு காலையும் ஊன்றி நிற்பதற்காகவே விதி அங்கே 90 சென்டிமீட்டர் கேட்கிறது. ஆகவே 15 மீட்டர் அகலத் திடலில் மூலைப் பகுதிக் கோடு வளைய நடுவிலிருந்து 6.60 மீட்டரில் நேராக வந்து, கடைக்கோட்டிலிருந்து 2.99 மீட்டர் தள்ளி வளைவோடு சேர வேண்டும். எதிரணியின் தவறுக்காகத் தடையின்றிப் பந்து போட நிற்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் குழப்பம் குறைவு: கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து அதன் தொலைவிளிம்பு வரை 5.80 மீட்டர்.

கைப்பேசியில் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ. ஆட்டம் பார்க்கும் இளைஞர்கள் 7.24 மீட்டரில் கோடு போடச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஆடப்போவது ஃபிபா அளவில்தான்.

ஒப்பந்ததாரருக்குப் பணம் தருமுன், உடற்கல்வி ஆசிரியர் முன்னிலையில் இந்த அளவுகளைச் சரிபார்க்கும்படி பள்ளி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வளைவைச் சுரண்டி எடுத்துவிட்டோ தரையின் நிறத்தால் மூடிவிட்டோதான் புதியதை வரைய வேண்டும். இரண்டும் தெரியும் திடலில், சாயங்கால வெளிச்சத்தில், நடுவர் எந்தக் கோட்டைப் பார்த்துப் புள்ளி சொல்வார்?

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
கீழக்கரை.