பக்கத்து நகரைப் பாராமல் ஆடும் ஆட்டமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கால பலகை விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘செவன் வொண்டர்ஸ்’ ஆட்டத்தை அவரவர் நகரை அவரவர் கட்டிக்கொள்ளும் சாதுவான ஆட்டம் என்ற பொருளில் அறிமுகப்படுத்தியிருந்தது. அப்படி நினைத்து உட்காருகிறவர் கடைசியாகத்தான் வருவார். அந்துவான் போசா வடிவமைத்து 2010-ல் வெளியான இந்த ஆட்டத்தில், தன் கையிலுள்ள சீட்டைப் பார்க்கும் நேரத்துக்குக் குறையாமல் இரு பக்கத்தாரின் மேசையையும் பார்க்க வேண்டும்.

கடைசியில் அதிகப் புள்ளி சேர்த்தவரே வெல்லும் இந்த ஆட்டம் மூன்று காலங்களாக நடக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் ஆளுக்கு 7 சீட்டு. ஒன்றைத் தேர்ந்து குப்புற வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பி ஆடியபின், மிச்சத்தைப் பக்கத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதல், மூன்றாம் காலங்களில் இடப்பக்கம். இரண்டாம் காலத்தில் வலப்பக்கம். ஆறு சீட்டு ஆடியதும் ஏழாவது கழிவுக்குப் போகும். சீட்டுகளைப் பிரிக்கும்போதே பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் எத்தனை பேர் முதல் அது சேரும் என்ற எண் உண்டு. நான்கு பேர் என்றால் 3, 4 எண்ணுள்ளவை மட்டும். மூன்றாம் காலத்தில் ஊதாநிறச் சங்கச் சீட்டுகளைத் தனியே கலைத்து, ஆட்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி அத்தனை எடுத்துச் சேர்க்க வேண்டும். நான்கு பேருக்குச் சீட்டுக்கட்டில் மொத்தம் 28 வந்தால் சரி. வராவிட்டால் எதையோ விட்டுவிட்டீர்கள்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன இடம், சீட்டுகளை ஆட விலையாகக் கேட்கப்படும் மூலப்பொருள். மரம், கல், களிமண், தாது ஆகியவை பழுப்புச் சீட்டில். கண்ணாடி, பாப்பிரஸ், துணி சாம்பல்நிறச் சீட்டில். இவை செலவாகிற பொருள்கள் அல்ல. ஒரு கல் சுரங்கம் இருந்தால் ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு முறையும் ஒரு கல் உங்களுக்கு உண்டு. இல்லாததைப் பக்கத்தவரிடம் வாங்கலாம், பொருளுக்கு 2 நாணயம். அவர் மறுக்க முடியாது. நீங்கள் வாங்கியதால் அவருக்குக் குறைவதும் இல்லை, அதே சுற்றில் அவரும் அதைப் பயன்படுத்துவார். ஆனால் அவரிடம் ஒரு மரம்தான் இருந்தால் ஒன்றுதான் வாங்க முடியும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வாங்கவே முடியாது. மஞ்சள் சீட்டில் விளையும் பொருள் விற்பனைக்கு இல்லை. இந்தச் சுற்றில் கைக்கு வரும் காசு அடுத்த சுற்றில்தான் செல்லும். விலையை 1 நாணயமாக்கும் மஞ்சள் வணிகச் சீட்டுகளைப் புதியவர்கள் அலட்சியமாகத் தள்ளிவிடுகிறார்கள். பக்கத்தவர் பழுப்பாக அடுக்கிக்கொண்டிருந்தால், அவர் பக்கத்து வணிகச் சீட்டு ஒன்றே நாலைந்து பழுப்புக்குச் சமம். மூன்றாம் காலத்தில் பழுப்பும் சாம்பலும் வரவே வராது. அதற்குமுன் ஏற்பாடு செய்யாதவர் சீட்டுகளை 3 நாணயத்துக்குக் கழித்துக்கொண்டே இருப்பார். அந்த 3 நாணயம் கடைசியில் ஒரே ஒரு புள்ளி.

போரைக் கண்டு தேவைக்குமேல் பயப்படுகிறார்கள். ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் இரு பக்கத்தாரோடு மட்டும், சிவப்புச் சீட்டுகளால் சேரும் படைபலம் ஒப்பிடப்படுகிறது. வெற்றிக்கு முறையே 1, 3, 5 புள்ளி. தோல்விக்கு எந்தக் காலமானாலும் 1 கழிவு. ஆறு போரிலும் தோற்றால் இழப்பு 6 தான். ஏழு பொருளும் ஒவ்வொன்று கேட்கும் அரண்மனைச் சீட்டு ஒன்றே 8 புள்ளி தந்துவிடும். ஆறையும் வென்றவருக்கோ 18. எனவே இரு பக்கமும் சிவப்பாகக் குவிந்தால் போட்டியை விட்டுவிடலாம்; ஒருவரும் சிவப்பு எடுக்காதபோது ஒன்றிரண்டு சீட்டிலேயே லாபம்.

பச்சைநிற அறிவியல் சீட்டின் கணக்கில்தான் அதிகம் சண்டை வருகிறது. அவற்றில் மூன்று வகைக் குறிகள் உண்டு. ஒரே குறி எத்தனை உண்டோ அதன் வர்க்கம். அதோடு மூன்று குறிகளும் சேர்ந்த தொகுதிக்குத் தலா 7. மூன்றும் ஒரே குறியானால் 9, மூன்றும் வெவ்வேறானால் 3 கூட்டல் 7, அதாவது 10. குறிக்கு இரண்டு வீதம் ஆறு சீட்டு இருந்தால் 26. மூன்று வீதம் ஒன்பது இருந்தால் 48. இரண்டு பச்சையோடு நின்றால் 2 அல்லது 4 தான் கிடைக்கும். தொடங்கினால் தொடர வேண்டும், இல்லையேல் தொடவே கூடாது. மேசையில் ஒருவர் மட்டும் பச்சை சேர்க்க விட்டால் மற்றவர்கள் ஆட்டத்தை அவர் கையில் கொடுத்ததாக அர்த்தம்.

தடுப்பதற்கு வழி உண்டு. அவரவருக்குரிய அதிசயக் கட்டடத்தின் ஒரு கட்டத்தை எழுப்ப எந்தச் சீட்டையும் குப்புறச் செருகலாம். அந்தச் சீட்டின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, கட்டத்துக்குரிய பொருள் இருந்தால் போதும். பக்கத்தவர் காத்திருக்கும் சீட்டை அதற்கடியில் புதைத்துவிடலாம். யாரைத் தடுக்கிறோம் என்பது காலத்தைப் பொறுத்தது: இரண்டாம் காலத்தில் இடப்பக்கத்தாரை நினைத்துப் புதைப்பது வீண்வேலை, சீட்டு முதலில் போவது வலப்பக்கம்.

மூன்று பேர் ஆடினால் முதலில் கையிலிருந்த சீட்டுகளின் மிச்சம் நான்காம் சுற்றிலும், நான்கு பேரானால் ஐந்தாம் சுற்றிலும் திரும்பி வரும். எது காணாமல் போயிற்று என்று பார்த்தாலே மற்றவர் திட்டம் புலப்படும். ஆறேழு பேரானால் கொடுத்த சீட்டு திரும்பவே வராது. ‘ஏழு பேர்வரை ஆடலாம்’ என்று கட்டுரை சொன்னது சரிதான். புதிதாகப் பழகுகிறவர்கள் நான்கு பேராகத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்