பின்பக்கம் பாருங்கள், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கனடாவின் புகைப்படக்காரர் யூசுப் கார்ஷ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வழவழ தாள், அவர் எடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் படம் முழுப் பக்கத்துக்கு. சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி: “நம்மூர் ஸ்டூடியோக்காரர்களைப் போல ‘ஆடாதீங்க, கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்லிப் பட்டனை அமுக்குகிறவர் அல்ல கார்ஷ். அவர் கலைஞர்.”

மன்னார்குடியில் அப்பா காலத்திலிருந்து ஸ்டூடியோ நடத்துகிற குடும்பம் எங்களுடையது. சந்தா கட்டிப் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. சின்ன வயதாக இருக்கும். செல்போனைத் தவிர வேறு எதன் முன்னாலும் அவர் நின்றிருக்க மாட்டார். அந்த வரி உங்கள் கண்ணில் பட்டும் அச்சுக்குப் போனதே, அதைத்தான் சொல்கிறேன்.

கார்ஷும் ஸ்டூடியோக்காரர்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா? அவருடைய மாமா ஜார்ஜ் நகாஷ் கனடாவில் ஷெர்புரூக் என்ற ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்த பையன், பிறகு பாஸ்டனில் ஜான் காரோ என்ற படக்காரரிடம் வேலை கற்று, 1932ல் ஒட்டாவாவில் தனியாகக் கடை போட்டார். வந்து உட்காருகிறவர் முகத்துக்கு ஏற்ப விளக்கைத் திருப்பி வைத்துப் பிழைத்த மனிதர். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

1941 டிசம்பர் 30 அன்று சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டை கார்ஷ் பிடுங்கியதையும், அந்தக் கோப முகத்தைப் படம் பிடித்ததையும் கட்டுரை வாயாரப் புகழ்கிறது. புகழட்டும். எங்கள் பக்கத்து மிராசுதார்கள் வாய் நிறைய வெற்றிலையோடு வந்து உட்காருவார்கள். ஒரு பக்கக் கன்னம் உப்பிக்கொண்டிருக்கும். “துப்பிட்டு வாங்க” என்று அந்தக் காலத்தில் அப்பா சொல்லிவிட முடியுமா? “லென்ஸ்ல தூசி இருக்குங்க, இதோ துடைச்சிட்டு வர்றேன்” என்று உள்ளே போனால் லேசில் வரமாட்டார். உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய் மிராசுதாரே எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வருவார். அப்போது அப்பா வெளியே வருவார். அந்த எரிச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கிற முகம்தான் கண்ணாடி நெகடிவ் பிளேட்டில் விழும். மிராசுதார் போலவே இருக்கிறது என்று ஊரே சொல்லும். சுருட்டைப் பிடுங்கினால் கலை, வெற்றிலையைத் துப்ப வைத்தால் பட்டன் அமுக்குவது. நல்ல நியாயம்.

“ஆடாதீங்க” என்று ஏன் சொன்னோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பூ தைத்த சடையோடு பெண் குழந்தையை நிற்க வைத்து, பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து எடுத்த படம் தஞ்சாவூர் ஜில்லாவில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கும். முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் கண்ணாடிக்குள் தெரிகிற சடை மங்கிவிடும். கண்ணாடிச் சட்டத்துக்கு வைத்தாலும் சடை தெளிவாக வராது. ஏனென்றால் கேமராவிலிருந்து கண்ணாடி வரை ஒரு தூரம், கண்ணாடியிலிருந்து குழந்தையின் முதுகு வரை இன்னொரு தூரம், இரண்டையும் கூட்டினால்தான் சடை இருக்கிற தூரம். முகமும் வேண்டும், சடையும் வேண்டும் என்றால் லென்ஸின் துவாரத்தை 16, 22 என்று (எண் ஏற ஏறத் துவாரம் சின்னது) சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கக் குழந்தை மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். கண்ணாடியில் கேமராவும் தெரியக் கூடாது, விளக்கும் தெரியக் கூடாது, வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற தாய்மாமனும் தெரியக் கூடாது. இத்தனைக்கும் சேர்த்துத்தான் ஐயா அந்த “ஆடாதீங்க”.

அப்புறம் டச்சிங், அதாவது நெகடிவிலேயே முகத்தைத் திருத்துவது. பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து ஊசி முனையாக்கி, நெகடிவின் மேல் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். முகத்தில் நிழலாக இருப்பது நெகடிவில் வெளிறித் தெரியும். அதைப் பென்சிலால் அடைத்தால் பிரிண்டில் நிழல் போய்விடும். அப்பாவுக்கு இதில் ஒரு கொள்கை உண்டு. “பரு ஒரு வாரத்துல போயிடும், எடுத்துடு. மச்சம் கூடவே இருக்கும், கை வைக்காதே” என்பார். அம்மைத் தழும்பு இருந்த ஒரு பெண்ணை வரன் பார்ப்பதற்காகப் படம் எடுக்க அழைத்து வந்தார்கள். தழும்பே தெரியக் கூடாது என்று பெரியப்பா முறை ஒருவர் கூடுதல் பணம் கொடுத்தார். அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விளக்கை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து குழிகளின் நிழலைக் குறைத்தார். பென்சிலை மேலோட்டமாகத்தான் வைத்தார். நேரில் பார்க்க வருகிறவன் ஏமாந்தோம் என்று நினைத்தால் அவமானம் அந்தப் பெண்ணுக்குத்தானே என்பது அவர் கணக்கு. இன்றைக்கு செல்போன் தானாகவே எல்லார் முகத்தையும் மெழுகி விடுகிறது. அதற்கு உங்கள் பத்திரிகை ‘செல்ஃபி ராணி’ என்று போட்டி வைத்துப் பரிசும் கொடுக்கிறது.

பத்திரிகையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு பழசும் ஞாபகம் வருகிறது. உங்கள் பொங்கல் மலர் ஒன்றில் நாங்கள் எடுத்த பழைய கல்யாணப் படத்தைப் போட்டிருந்தீர்கள். பக்க அமைப்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று யாரோ இடம் வலம் திருப்பிவிட்டார்கள். மணப்பெண்ணின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் இன்றும் இருக்கிறார், பார்த்துவிட்டு என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். அதற்கும் முன்னால் ஒரு நாகஸ்வர வித்வான் பற்றிய கட்டுரையில் அப்பா எடுத்த படம் வந்தது. கீழே ‘நன்றி: குடும்பத்தினர்’. வித்வானைத் தோளைத் தளர்த்தி உட்கார வைக்க ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சுக் கொடுத்தவர் அந்தக் குடும்பத்தினர் இல்லை. வாக்காளர் அட்டைப் படங்களைக் கிண்டல் செய்து ஒரு நகைச்சுவைப் பக்கம் வேறு. அந்தப் பழியும் எங்கள் தலையில். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு அரை நிமிடம் என்று எடுத்த படத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பெயர் போடாதது இன்று நேற்று வழக்கமில்லை என்பீர்கள். தெரியும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் முகம் என்று உலகம் அறிந்தது ஒரு பாஸ்போர்ட் படம். இந்தியா திரும்புவதற்காக 1919ல் இங்கிலாந்தில் எடுத்தது. பின்னால் விஞ்ஞானி சந்திரசேகர் அதை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து தேடி வாங்கி, ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கொடுத்தார். உடம்பு சரியில்லை என்று தெரிகிறது, ஆனாலும் மேதை என்பதும் தெரிகிறது என்கிற மாதிரி ஹார்டி எழுதினார். சிற்பி பால் கிரான்லண்ட் வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்ததும் இந்தப் படத்தை வைத்துத்தான். ராமானுஜன், ஹார்டி, சந்திரசேகர், கிரான்லண்ட் என்று எல்லார் பெயரும் வருகிறது. கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளின் பெயரை மட்டும் நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை.

கார்ஷின் லட்சக்கணக்கான நெகடிவ்களை கனடா அரசின் ஆவணக் காப்பகம் வாங்கிப் பாதுகாக்கிறது. ஒட்டாவா ஹோட்டல் ஒன்றின் சுவரிலிருந்து அந்தச் சர்ச்சில் படத்தைக் களவாடி, போலியை மாட்டிவிட்டுப் போனார்கள். 2022ல்தான் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்த கையெழுத்து போலி என்பதை வைத்து உறுதி செய்தார்கள். 2024ல் அசல் இத்தாலியில் கிடைத்தது. எங்கள் பிளேட்டுகளை யாரும் திருட வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு போனதே போதும். மரப்பெட்டிகளுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, கண்ணாடியிலிருந்து முகங்கள் தோல் தோலாக உரிந்து வந்தன. தென்னை எத்தனை விழுந்தது என்று எழுதிக்கொண்டு போக ஆள் வந்தது, நியாயம்தான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? எங்கள் தொழில்காரர்கள் பலர் அதற்கு முன்பே நெகடிவை அதிலிருக்கிற வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் செய்தது. வெளிநாட்டுக்காரனுக்கு இருக்கிற அக்கறை என்று அலுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான், பக்கம் நீண்டுவிடும்.

காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவருக்கே படம் சொந்தம் என்கிறது 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அதில் தகராறு இல்லை. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, இதை எடுத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை எடுத்தவருக்குத் தருகிறது. உங்களுக்குச் சட்டம் சொல்லித் தர வேண்டியதில்லை.

பணம் கேட்கவில்லை. பழைய ஸ்டூடியோப் படம் எதையாவது அச்சிடும்போது அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். அதில் உள்ள ஸ்டூடியோ பெயரையும் ஊரையும் படத்தின் கீழே பொடி எழுத்தில் போட்டால் போதும். இன்னொன்று: பொங்கல் மலருக்காக வாங்கிப் போன கல்யாணப் படத்தை இன்னும் திருப்பி அனுப்பவில்லை. கேபினட் சைஸ், கீழே வலது மூலை கொஞ்சம் மடங்கியிருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பினால் நல்லது. செலவை நான் கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி ஸ்டூடியோக்காரர்
(பெயரும் விலாசமும் இத்தாளின் பின்பக்கம் முத்திரையில் உள்ளன)