ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட யார் அனுமதி கொடுத்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளாட்சித் தேர்தல் பற்றி உங்கள் இதழில் வருவதெல்லாம் எந்தக் கட்சி எத்தனை இடம் கேட்கும் என்கிற கணக்காகவே இருக்கிறது. தேர்தல் உரிய காலத்தில் நடக்காததுதான் செய்தி, அதை எழுத ஆள் இல்லை.

2019 டிசம்பர் தேர்தலில் 27 மாவட்டங்களில் தேர்வான ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஆனால் வந்தது தேர்தல் இல்லை, தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள். போன தடவையும் இதே கதைதான்: 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, மூன்று வருடத்துக்கு மேல் தலைவர், உறுப்பினர் யாரும் இல்லாமல் கிடந்தோம். அப்போது அ.தி.மு.க. ஆட்சி, 2025 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி. வழக்கு, வார்டு வரையறை (வார்டுகளின் எல்லையைப் பிரிப்பது), ஊராட்சியை நகராட்சியோடு இணைப்பது என்று ஏதாவது ஒரு காரணம் மட்டும் தவறாமல் கிடைத்துவிடுகிறது. உத்திரமேரூர் குடவோலை பற்றி மேடையில் பெருமை பேசுவதில் மட்டும் இரண்டு பேருக்கும் குறையில்லை!

தேர்தல் இல்லாவிட்டால் என்ன, வேலை நடக்கிறதே என்று கேட்பவர்கள் கிராம சபைக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். தலைவர் இருந்தபோது தொட்டி கழுவவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று அவரை நிற்க வைத்துக் கேட்போம், திட்டுவோம், அவரும் திருப்பித் திட்டுவார், ஆனால் மறுநாள் டீக்கடையில் எங்கள் முகத்தில் விழித்துத்தான் ஆக வேண்டும். தனி அலுவலர் என்றால் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவர்தான், ஒரே நாளில் எல்லா ஊரிலும் நடக்கிற கிராம சபைக்கு அவர் எங்கே என்று போவார்? அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு மாற்றல் வந்தால் போய்விடுவார், எங்கள் ஓட்டு அவருக்குத் தேவையும் இல்லை. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும் என்ற ஏற்பாடு இருந்ததே, ஒருவரை ஒருவர் கண்காணிக்க, அதுவும் போனது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டில் ஜெயித்து வந்து, அப்போதுதான் வேலை பழகிக்கொண்டிருந்த பெண் உறுப்பினர்களும் வீட்டுக்குப் போனார்கள். இன்னொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத உள்ளாட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் நிற்கும். அந்த இழப்பு ஊருக்குத்தான், கோட்டைக்கு இல்லை.

கேரளத்தில் 1995-லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இந்தத் தேர்தல் நடந்துகொண்டிருக்கிறது. கொரோனா உச்சத்தில் இருந்த 2020-இலும் ஒரு மாதம் போலத்தான் தள்ளி, டிசம்பரில் நடத்திவிட்டார்கள்.  இங்கே இட ஒதுக்கீட்டு அரசாணைக்குத் தேர்தல் ஆணையம் ஆளுங்கட்சியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வரையறை முடியவில்லை என்பதைத் தேர்தலைத் தள்ளிப்போடக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று 2006-லேயே கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அதை யார் கேட்டார்கள்?

எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். வரையறை, ஒதுக்கீடு இரண்டையும் பதவிக்காலம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே முடித்தாக வேண்டும், முடிக்காவிட்டால் பழைய வார்டுகளை வைத்தே தேர்தல் என்று ஊராட்சிச் சட்டத்தில் திருத்தம் வேண்டும். தாமதத்தால் யாருக்கும் லாபம் இல்லை என்றால் தாமதமும் இருக்காது.

மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் வந்தவர்களின் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அங்கே வார்டு வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் நிருபர்களை விட்டுக் கேட்டு, மாவட்ட வாரியாக ஒரு செய்தி போடுங்கள். கூட்டணிச் செய்தியை ஒரு நாள் உள்பக்கத்துக்குத் தள்ளினால் போதும், இடம் கிடைக்கும்.

ஒரு வாசகர்,
கடலூர் மாவட்டம்