பழைய கேம் கன்சோல்: பிளக்கில் சொருகுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்களைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அரிய கேசட்டின் விலையோடு நின்றுவிடுகின்றன. கைக்கு வந்த பொருளை முதல் நாளே பாழாக்காமல் இருப்பது எப்படி என்பதும் அச்சில் வரட்டும்.

முதல் எமன் அடாப்டர். முனை பொருந்தினால் போதாது. அமெரிக்காவில் 1985இல் வந்த நின்டெண்டோ என்.இ.எஸ். கன்சோலின் (டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி) அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்). அதை டி.சி.யாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றும் வேலை கன்சோலுக்குள் நடக்கிறது. ஜப்பானிய ஃபாமிகாம், சேகா மெகா டிரைவ் ஆகிய கன்சோல்கள் டி.சி.யை மட்டுமே எதிர்பார்ப்பவை. அந்த அடாப்டரை இவற்றில் சொருகினால் உள்ளே கருகக்கூடும். மெகா டிரைவிலேயே முதல் மாடலுக்கு முனையின் நடுவில் மைனஸ், இரண்டாம் மாடலுக்கு பிளஸ். முனைகளை மாற்றிப்போடும் பொது அடாப்டர்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். கன்சோலில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் துருவக் குறியையும் பார்க்காமல் சுவிட்சில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி. ஆட்டத்தைச் சேமிக்கும் கேசட்டுகள் பலவற்றில் 3 வோல்ட் வட்ட பேட்டரி ஒன்று நினைவகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அது செத்தாலும் கேம் ஜோராக ஓடும், சேமித்தது மட்டும் நிற்காது. ‘நல்லா ஓடுது’ என்று விற்பவர் சொல்வதில் பொய்யில்லை, பாதிதான் உண்மை. போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

மாற்றுவது பெரிய வித்தையல்ல. நின்டெண்டோ கேசட்டுகளில் பெரும்பாலானவற்றைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி வடிவ ஸ்குரூ டிரைவர் முனை வேண்டும், சாதாரண ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக்தான் உடையும். பேட்டரி மேலேயே எண் இருக்கும்: சி.ஆர். 2032, 2025 அல்லது 1616. அதே எண்ணில், தகட்டுக் கால்கள் வைத்தே வருவதை வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் நேராக சால்டர் வைத்தால் சூட்டில் உப்பும், வெடிக்கவும் கூடும். டேப் ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு; ஒரு தட்டு தட்டினால் தொடர்பு விட்டுவிடும், சேமித்ததும் போச்சு. பழைய ஈயம் இளகாமல் அடம்பிடித்தால் அதன்மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்தால் உருகிவிடும். சர்க்யூட் பலகையில் இருக்கும் பிளஸ் குறியைப் பார்த்துப் பொருத்த வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் பழைய சேமிப்பு அழியும். அது வேண்டுமென்றால் கேசட்டைக் கணினியோடு இணைக்கும் கேசட் ரீடரில் முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, காயவிட்டுச் சொருகினாலே பாதி கேசட்டுகள் பிழைத்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் பூச்சு போய்விடும்.

கடைசியாக டிவி. வாத்து சுடும் ஆட்டத்துக்கு வரும் என்.இ.எஸ். பொம்மைத் துப்பாக்கி பழைய குழாய் டிவியின் ஒளித்துடிப்பையும் நேரத்தையும் நம்பி வேலை செய்வது. எல்.சி.டி. திரையை நோக்கி எவ்வளவு சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்