சேவியருக்கு, லிஸ்பனிலிருந்து

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல். இங்கே நாங்கள் நலம். மகளைப் பள்ளியில் சேர்த்தாயிற்று.

உன் மச்சான் பெரைரா விஷயத்துக்கு வருகிறேன். மரப்பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள் எல்லாரும் 1497-இல் போர்ச்சுகலில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களின் வம்சம் என்று யாரோ சொன்னார்களாமே, அதை நம்ப வேண்டாம். பெரைரா என்றால் பேரிக்காய் மரம், அதுவரை சரி. ஆனால் 1385-இல் போர்ச்சுகலுக்காக அல்ஜுபரோட்டா போரை வென்ற தளபதியே நூனோ ஆல்வரஸ் பெரைராதான். மதமாற்றத்துக்கு நூறு வருஷம் முன்பே அது பெரிய பிரபுக் குடும்பத்தின் பெயர். மதம் மாறியவர்கள் நாட்டில் ஏற்கெனவே புழங்கிய பெயர்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் வைத்து ஒருவரின் பூர்வீகத்தைச் சொல்வது நியாயமே இல்லை.

அந்தத் தளபதியின் வம்சத்தையே பார். தாத்தா கொன்சாலோ பெரைரா, பிராகா நகரத்துப் பேராயர். (பேராயருக்குப் பிள்ளையா என்று கேட்காதே, அந்தக் காலத்தில் அதெல்லாம் உண்டு.) அவர் மகன் ஆல்வரோ கொன்சால்வஸ் பெரைரா. அவருடைய மகன் நூனோ ஆல்வரஸ் பெரைரா. நடுவில் வருவது அப்பா பெயர். நம் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது, பிற்காலத்தில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. இன்றைக்கு ஒரு ரொட்ரிகஸின் அப்பா ரொட்ரிகோவாக இருக்க வேண்டியதில்லை.

சேவியர் பர்னாந்து என்ற உன் பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பர்னாந்து இங்கே ஆள்பெயர். குடும்பப் பெயர் என்றால் பெர்னான்டஸ். 1530-களில் முத்துக்குளித்துறைக்கு ஞானஸ்நானத்தோடு வந்த அந்த ஆள்பெயர், உங்கள் பக்கம் குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. சேவியரோ புனித பிரான்சிஸ் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் புதுவீடு என்று பொருள். ஆக உனக்கு ஊர்ப்பெயர் முன்னாலும் ஆள்பெயர் பின்னாலும் இருக்கிறது.

பட்டங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். டோம் என்பது எஜமான் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரச குடும்பத்துக்கும் ஆயர்களுக்கும் அரசர் மனமுவந்து கொடுத்தவர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. வாஸ்கோடகாமாவுக்கே இந்தியா வந்து திரும்பிய பிறகு, 1500-இல்தான் மானுவேல் அரசர் கொடுத்தார். பெண்களுக்கான டோனா இன்று எல்லாருக்கும் பொது. எங்கள் மாடிப்படி துடைக்க வரும் அம்மாளையும் டோனா என்றுதான் கூப்பிடுகிறோம், அது எனக்கு மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இலங்கையில் அந்த டோம், டான் என்று வெறும் பெயராகவே ஆகிவிட்டது, அந்நாட்டின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் 'டி' அதுதான். இன்றைய மரியாதையெல்லாம் படிப்புக்கு. டிகிரி முடித்தாலே இங்கே டாக்டர்தான், ஆய்வுப் பட்டம் தேவையில்லை. ஆபீஸில் என்னை 'இஞ்சினியர் ஐயா' என்றே அழைக்கிறார்கள்.

மச்சானிடம் ஒன்று சொல். அவர்கள் பங்கில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறதா என்று சாமியாரிடம் கேட்கட்டும். இருந்தால் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. போர்த்துக்கீசிய எழுத்தாக இருந்தால் இங்கே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுகிறேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்