செலானைப் பார்க்காமலே 96 மார்க்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, கரெஸ்பாண்டன்ஸில் படித்துக்கொண்டே வேலைக்கு வருகிறோம் என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவர்களை உட்காரவைத்துப் பார்ப்பது என் பொறுப்பு.

இந்த முறை வந்த பையன் கணக்குப்பதிவியலில் 96. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி தெரியும் என்றான். தெரியாமல் என்ன, பிளஸ் டூ புத்தகத்திலேயே கடைசிப் பாடம் அதுதானே. ‘கல்லாவில் இருந்த 20,000 ரூபாயை பேங்கில் கட்டியாச்சு, என்ட்ரி போடுப்பா’ என்றேன். வெளியே கொடுத்த பணத்துக்கான பேமென்ட் வவுச்சரைத் திறந்தான். கல்லாவிலிருந்து பேங்குக்குப் போகிற பணத்துக்கு கான்ட்ரா என்று தனி வவுச்சர் உண்டு. ‘கான்ட்ரா இல்லையா?’ என்று கேட்டதும் ‘எஃப் ஃபோர் மேடம்’ என்று பட்டென்று பதில் வந்தது. எந்தச் சாவியை அழுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பணம் அதே கடையின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிருக்கிறது, யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்பது பிடிபடவில்லை. பேங்க் செலானைக் கையில் கொடுத்தேன். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறானாம்.

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எம்.காம்., பி.எட்., அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டிஆர்பி தேர்வு. வணிகவியல் ஆசிரியர்கள் ஏறி வருகிற அந்தப் படிக்கட்டில் ஓர் அலுவலக நாற்காலிகூடக் கிடையாது. அவனுக்குப் பாடம் எடுத்தவர் செலானை எங்கே போய்ப் பார்ப்பார்?

நான் 1993-95ல் அரசுப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் படித்தவள். செகரட்டரிஷிப் குரூப் என்றால் மார்க் குறைந்தவர்களை ஒதுக்கிவைக்கிற இடம் என்று அப்போதும் பெயர்தான். ஆனால் எங்கள் சார் அதற்கு முன்பு ஒரு நூற்பு மில்லில் ஸ்டெனோவாக இருந்தவர். டிக்டேஷனை நடந்துகொண்டே சொல்வார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வார், பாதியில் ‘ரெண்டாவது பாராவை எடுத்துடு’ என்பார். ஒருத்தி அழுதேவிட்டாள். ‘உன் மேனேஜர் உனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசமாட்டாரும்மா’ என்றார். டைப் அடித்த தாளை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பார். சுரண்டி அழித்து அடித்த இடமெல்லாம் பல்லைக் காட்டும். ஸ்டேட்மென்ட் அடித்தால் இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருத்தி மூலத்தை எண் எண்ணாக வாய்விட்டுப் படிக்க, மற்றவள் அடித்ததில் விரலை வைத்துக்கொண்டே வர வேண்டும். தானே அடித்ததைத் தானே சரிபார்த்தால் கண் பொய் சொல்லும் என்பார்.

இன்றும் ஜிஎஸ்டி எண்ணை அப்படித்தான் பார்க்கிறேன். எழுத்தும் எண்ணுமாகப் பதினைந்து. முதல் இரண்டு மாநிலத்துக்கு: நமக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து பான் எண். எங்கள் பார்ட்டி ஒருவர் பெட்ஷீட் வியாபாரி. ஒரே பெயரில் அவருக்கு சேலத்தில் ஒரு வாடிக்கைக் கடை, பெங்களூரில் ஒன்று. புதிதாகச் சேர்ந்த பெண் பெங்களூர் பில்லில் சேலத்து எண்ணைப் போட்டுவிட்டாள். வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வர வேண்டிய இடத்தில் உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் ஏறிவிட்டன. கொடுத்த வரியைக் கழித்துக்கொள்கிற வரிக் கிரெடிட் வரவில்லை என்று பெங்களூர்க்காரர் பாக்கியை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். விரல் பறக்கும்.

வேகத்துக்கு வழி இருக்கிறது. லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தெருமுனை இன்ஸ்டிடியூட்டில் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வந்துவிடும். டேலியில் எந்தப் பொத்தான் எங்கே என்பதை நாங்களே ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவோம். இந்தத் தாள் எதற்கு, இது தப்பினால் யார் தலையில் விடியும் என்கிற பயத்தைத்தான் எங்களால் கொடுக்க முடியவில்லை. அதை வகுப்பிலேயே ஊட்ட ஆசிரியர் அந்த பயத்தை ஒரு தடவையாவது பட்டிருக்க வேண்டும். ‘ஆசிரியர் என்ன, டேலி ஆபரேட்டரா?’ என்று எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை கோபித்துக்கொண்டார். சரி, ஆபரேட்டர் ஆக வேண்டாம். ஆபரேட்டர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிறவராக இருந்தால் போதும்.

ஆகவே, வணிகவியல், தொழிற்கல்வி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் நான்கு வாரம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்காரவைக்கக் கல்வித்துறை ஏற்பாடு செய்யலாம். பேங்க் கிளை, லாரி புக்கிங் ஆபீஸ், எங்களைப் போன்ற ஆடிட்டர் அலுவலகம் எதுவானாலும் சரி. விடுமுறையைப் பிடுங்குகிறோம் என்று திட்டுவார்கள். அந்த நான்கு வாரத்துக்குச் சம்பளத்தோடு ஈடுசெய் விடுப்பும் கொடுத்துவிடலாம்.

எங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டேன். ஒரு மேஜை தருகிறாராம், இரண்டு வேளை டீயும் உண்டு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள் உண்டு: விற்பனை விவரம் சொல்கிற ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, வரி கட்டுகிற 3பிக்கு 20ஆம் தேதி. அதற்கு முந்தின நாட்களில் வருகிறவருக்கு விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. பில் கட்டைக் கையில் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஆடிட்டர் அலுவலக ஊழியர் ஒருவர்,
ஈரோடு.